தாடை மூட்டு வலிக்கு நைட் கார்டு: கடையில் விற்பதும் கிளினிக்கில் செய்வதும்

மருந்துக் கடையிலும் ஆன்லைனிலும் ‘நைட் கார்டு’ என்று விற்கும் பல் உறை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பல் மருத்துவரிடம் அளவு கொடுத்துச் செய்தால் சில ஆயிரம் ஆகும். இரண்டையும் ஒரே ஆட்களுக்குத்தான் விற்கிறார்கள்: இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள், காலையில் தாடை இறுகி, காது ஓரம் வலியோடு எழுந்திருப்பவர்கள். ஆனால் பல் தேய்வது ஒரு சங்கதி, தாடை மூட்டு கெடுவது இன்னொரு சங்கதி. பல் தேயாமல் காக்க இந்த உறை நன்றாகவே உதவும். மூட்டு வலிக்கு அரைகுறையாகத்தான் உதவும். சில வகைகள் கெடுதலும் செய்யும். பெட்டி மேல் இதை யாரும் அச்சடிப்பதில்லை.

அதனால் உறைக்குப் போகும் முன் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். காதுத் துளைக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் ஆள்காட்டி விரலை வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடினால் விரலுக்கடியில் ஒரு குமிழ் உருண்டு முன்னால் நகர்வது தெரியும். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலை. அதற்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு சிறு தட்டு இருக்கிறது. வாய் முதல் 20, 25 மில்லிமீட்டர் திறக்கும் வரை இந்தத் தலை கதவுக் கீல் போலச் சுழல்கிறது. அதற்கு மேல் திறக்கும்போது தட்டோடு சேர்ந்து முன்பக்கம் சறுக்குகிறது. தட்டு ஏற்கெனவே முன்னால் நழுவிக் கிடந்தால், தலை அதன் மேல் ஏறும் நொடியில் ‘டக்’ என்று கேட்கும். மூடும்போது தட்டு மறுபடி நழுவும், இன்னொரு சின்ன ‘டக்’.

வலியில்லாமல், வாய் தாராளமாகத் திறந்துகொண்டு, சத்தம் மட்டும் வந்தால் சிகிச்சை தேவையில்லை. வருஷக்கணக்கில் அப்படியே இருப்பவர்கள் நிறைய. சத்தத்தை நிறுத்தித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

கவலைப்பட வேண்டியது சத்தம் திடீரென்று நின்றுபோகும் நாளில்தான். சரியாகிவிட்டது என்று பலர் சந்தோஷப்படுவது அந்த நாளில்தான், கூத்து. தட்டு நழுவிய இடத்திலேயே நின்று, எலும்புத் தலையால் அதன் மேல் ஏற முடியாமல் போனால் மூட்டு பூட்டிக்கொள்ளும்: சத்தமும் போகும், வாய் திறப்பும் பாதியாகக் குறையும். திறக்கும்போது முகவாய் பூட்டிய பக்கமாகச் சாயும். இந்தப் பூட்டை முதல் சில நாட்களிலேயே காட்டினால் கையால் தளர்த்திவிட வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் விட்டால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். இதற்குக் கடையில் உறை வாங்கி மாட்டிக்கொண்டு பார்ப்போம் என்பது நாளை வீணாக்குவது.

மணலை மிதித்தது போல் கரகரவென்று கேட்டால் அது வேறு கதை: மூட்டுப் பரப்பு தேய்ந்திருக்கலாம், முழங்கால் தேய்மானம் போலவே.

வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை வீட்டிலேயே அளக்கலாம். மேல் முன்பல் விளிம்பிலிருந்து கீழ் முன்பல் விளிம்பு வரை, வலி பொறுக்கும் அளவுக்கு முழுசாகத் திறந்து, ஸ்கேலை வைத்துப் படிக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் ஸ்கேலில் ஓரத்துக்கும் பூஜ்யக் கோட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கும். ஸ்கேலின் ஓரத்தைப் பல்லில் வைத்து அளந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு 40 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் சரியான அளவு. 35க்குக் கீழே போனால் குறைவு. வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் அளந்து தேதியோடு குறித்து வைத்தால், மருத்துவரிடம் ‘ரொம்ப வலிக்குது டாக்டர்’ என்று சொல்வதைவிட அந்தத் துண்டுச் சீட்டு அதிகம் பேசும்.

நம் ஊரில் இந்த இடத்தில் ஒன்றைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வாய் திறப்பு மெதுமெதுவாகக் குறைகிறது, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உள்பக்கம் வெளிறி நார் நாராகத் தட்டுப்படுகிறது என்றால் கோளாறு மூட்டில் இல்லை. பாக்கு, பான் மசாலா, குட்கா போடுகிறவர்களுக்கு வாயின் உட்தோலுக்கு அடியில் நார் படிந்து இறுகும் நோய் அது. பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடியது. வெற்றிலையில் புகையிலை வைக்காவிட்டாலும் பாக்கு ஒன்றே போதும் அதை வரவழைக்க. இப்படிப்பட்டவருக்குத் தாடை மூட்டு என்று சொல்லி உறை மாட்டினால் மாதங்கள் போகும், நோய் முற்றும்.

முளைத்தும் முளைக்காமலும் இருக்கும் ஞானப்பல்லைச் சுற்றிச் சீழ் வைத்தாலும் வாய் திறக்காது, கூடவே காய்ச்சலும் வீக்கமும் இருக்கும். 50 வயது தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை சோர்ந்துபோவது, தலை சீவினாலே வலிப்பது, பார்வை மங்குவது என்று சேர்ந்து வந்தால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தாமதித்தால் கண் போகும். நடந்தால், மாடி ஏறினால் தாடை வலித்து, உட்கார்ந்தால் அடங்கினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். மார்பு அழுத்தம், வியர்வை, மூச்சிறைப்பு கூடவே இருந்தால் உடனே 108. கொட்டாவி விட்டு வாய் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் வீட்டில் யாரும் தட்டவோ இடிக்கவோ கூடாது. அவசரப் பிரிவில் பயிற்சி உள்ளவர் கட்டை விரலில் துணி சுற்றிக் கீழ்க் கடைவாய்ப் பக்கம் வைத்து, முதலில் கீழே அழுத்தி, பிறகு பின்னால் தள்ளி மூட்டைக் குழியில் இறக்குவார்.

இவை எதுவும் இல்லை, தசை வலியும் பல் கடிப்பும்தான் என்றால் இனி சாமான்களைப் பார்க்கலாம்.

வெந்நீரில் போட்டுக் கடிக்கும் ரகம்

எத்திலீன் வினைல் அசிட்டேட் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக். விளையாட்டு வீரர்கள் மாட்டும் உறையும் இதேதான். கொதித்த தண்ணீரை இறக்கி, உறையைப் பெட்டியில் போட்டிருக்கும் நொடிக்கணக்குப்படி முக்கி, ஒரு கணம் குளிர்ந்த நீரில் காட்டி, வாயில் வைத்து மெல்லக் கடித்து, நாக்காலும் விரலாலும் அழுத்தி, பிறகு குளிர்ந்த நீரில் போட வேண்டும். நேரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் பொதுக் கணக்கு எதையும் நம்ப வேண்டாம்.

கெடுவது பெரும்பாலும் கடிக்கும் நொடியில்தான். இளகிய பிளாஸ்டிக்கில் முழுப் பலத்தோடு கடித்தால் கடைவாயில் ஓட்டை விழும் அளவுக்கு மெலிந்துவிடும். சில வாரத்தில் அங்கேதான் கிழியும். இதைவிடப் பெரிய குறை வடிவத்திலேயே இருக்கிறது. தாடை கத்தரிக்கோல் மாதிரி மூடுகிறது, கீல் பின்னால் இருக்கிறது. முன்னும் பின்னும் ஒரே கனத்தில் ஒரு பொருளை நடுவில் வைத்தால் கடைவாய்ப் பல்தான் முதலில் இடிக்கும், முன்பல் தொடாது. இரவு முழுக்க இரண்டு கடைவாய்ப் பற்கள் மட்டும் பாரம் சுமக்கின்றன. கார்டு போட்டதிலிருந்து கடைவாய்ப் பல் வலிக்கிறது என்ற புகாருக்குப் பாதி காரணம் இதுதான்.

இன்னொன்று, மெத்தென்று இருப்பதால் சிலருக்கு அதை மென்றுகொண்டே தூங்கத் தோன்றும், சூயிங் கம் போல. 1987இல் ஓக்கெசன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவப் பேராசிரியர் 10 பேரிடம் இரண்டு வகையையும் ஒப்பிட்டார். கடின உறை 8 பேருக்கு இரவுத் தசை இயக்கத்தைக் குறைத்தது. மிருதுவான உறை 5 பேருக்கு அதை அதிகமாக்கியது. பத்தே பேர்தான், அதை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனாலும் மிருதுவான உறை மாட்டிய இரண்டு வாரத்தில் காலை வலி கூடினால் பழகிவிடும் என்று காத்திருக்காமல் கழற்றிவிட வேண்டும் என்பதற்கு அது போதுமான காரணம்.

எங்கள் தீர்ப்பு: தற்காலிகத்துக்குச் சரி. கிளினிக்கில் செய்யும் உறை கைக்கு வரும் வரை பல்லைக் காப்பாற்ற உதவும். கம்பி போட்டிருப்பவர்கள், பல் முளைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள், ஆடும் பல் உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம்.

முன்பல்லில் மட்டும் மாட்டும் சின்ன ரகம்

நாலைந்து முன்பல்லை மட்டும் மூடும், கடைவாய் தொடவே தொடாது. கடிக்கும் தசை உடனே தளர்வதால் முதல் வாரம் அற்புதமாக இருக்கும். ஆபத்தும் அங்கேதான். எதிரே தொட ஒன்றும் இல்லாத கடைவாய்ப் பற்கள் மாதக்கணக்கில் மெல்ல வெளியே வளரும், உறைக்கு அடியில் இருக்கும் முன்பற்கள் அமுங்கும். ஒருநாள் உறையைக் கழற்றிப் பார்த்தால் முன்பற்கள் ஒன்றோடொன்று சேராது, இட்லியைக்கூட முன்பல்லால் கடிக்க முடியாது. அதைச் சரி செய்ய வருஷக்கணக்கில் கம்பி போட வேண்டியிருக்கும். சின்னதாக இருப்பதால் தூக்கத்தில் தொண்டைக்குள் போகும் பயமும் உண்டு. மருத்துவர் சில வாரங்களுக்கு என்று சொல்லிக் கொடுத்து, திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தால் ஒழிய, வாங்கக் கூடாத ரகம் இது. ஆன்லைனில் இதைத் தள்ளுபடியில் பார்த்தாலும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் செய்யும் கடின உறை

இதில் கொடுக்கும் காசில் பெரும்பகுதி பொருளுக்கு இல்லை, பொருத்துவதற்கு. ஆல்ஜினேட் மாவில் மேலும் கீழும் அச்சு எடுப்பார்கள், அல்லது வாய்க்குள் ஸ்கேன் செய்வார்கள். இரண்டு தாடையும் எப்படிச் சேர்கிறது என்பதற்கு மெழுகில் கடி அளவு எடுப்பார்கள். லேபில் அக்ரிலிக்கில் செய்து வரும். கடைவாயில் சுமார் 2, 3 மில்லிமீட்டர் கனம், எல்லாப் பல்லையும் மூட வேண்டும். கடைசிக் கடைவாய்ப் பல்லை விட்டுவிட்டுச் செய்தால் மேலே சொன்ன வளர்ச்சிப் பிரச்சினை அந்த ஒரு பல்லுக்கு வரும்.

மாட்டிப் பார்க்கும் நாளில் ஒன்றைக் கவனித்தால் வேலையின் தரம் தெரிந்துவிடும். மருத்துவர் மெல்லிய நீலத் தாளை நடுவில் வைத்துத் தட்டச் சொல்வார். உறையின் மேல் நீலப் புள்ளிகள் விழும். இரண்டு பக்கமும், முன்னும் பின்னும், ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் புள்ளிகள் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கறுத்து, மறு பக்கம் காலியாக இருந்தால் கறுத்த இடத்தை ராவி, மறுபடி தாள் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு நிறம் மாற்றி, தாடையைப் பக்கவாட்டில் தேய்க்கச் சொல்லிப் பார்ப்பார்கள். இதற்கெல்லாம் 20, 30 நிமிஷமாவது ஆகும். கையில் கொடுத்து ‘போட்டுப் பழகுங்க’ என்று அனுப்பிவிட்டால் நீங்கள் வாங்கியது விலை அதிகமான கடை உறை, அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்தும், பிறகு மூன்று நான்கு வாரத்திலும் திரும்ப வரச் சொல்ல வேண்டும். தசை தளரத் தளரத் தாடை உட்காரும் இடம் மாறும், புள்ளிகளும் மாறும். இந்த வருகைகள் கட்டணத்துக்குள் அடக்கமா என்று அளவு கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

உள்ளே மிருது, வெளியே கடினம் என்று இரண்டடுக்கில் ஒரு வகையும் செய்கிறார்கள். மாட்ட சுகம், ஆனால் ராவித் திருத்துவதற்கு இடம் குறைவு, அடுக்குப் பிரிந்தும் போகும்.

இவ்வளவு சொன்ன பிறகு கசப்பான பகுதி. நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கு எது பலிக்கிறது என்று 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் கழற்றி மாட்டும் உறைக்கு ஆதரவு கிடைக்கவில்லை, வேண்டாம் என்ற பக்கமே சாய்ந்தது. பலமாகப் பரிந்துரைத்தவை வேறு: மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சியும் நீட்டலும், கழுத்து நிமிர்வுப் பயிற்சி, பயிற்சி பெற்றவர் கையால் மூட்டை அசைத்துத் தளர்த்துவது, தசை முடிச்சை அழுத்தி விடுவிப்பது, வலியைக் கையாளக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சை. பல்லை நிரந்தரமாக மாற்றும் உறைகள் வேண்டவே வேண்டாம் என்று அழுத்திச் சொன்னது. ஆகவே பல் தேய்கிறது என்றால் கடின உறைக்குச் செலவழியுங்கள். வலிதான் பிரச்சினை என்றால் அதே பணம் பிசியோதெரபிஸ்டிடம் போவது மேல்.

எங்கே காட்டுவது

தெருமுனைப் பல் கிளினிக் தொடக்கத்துக்குப் போதும், அவர் மூட்டைத் தொட்டுப் பார்ப்பவராக இருந்தால். எம்.டி.எஸ் என்ற பல் மருத்துவ மேற்படிப்பு படித்தவர்களில் வாய் மருத்துவம், செயற்கைப் பல், வாய் முகத்தாடை அறுவை என்ற மூன்று பிரிவினர் இதைப் பார்க்கிறார்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையம் எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் மூன்று பிரிவும் ஒரே வளாகத்தில் உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும். மாணவர்கள் முதலில் பார்ப்பார்கள் என்று சலித்துக்கொள்ள வேண்டாம், இந்த மாதிரி நோய்க்கு நிதானமாகப் பார்க்கிறவரே நல்லவர்.

நல்ல பரிசோதனை எப்படி இருக்கும்? ஸ்கேலால் திறப்பை அளப்பார். முகவாய் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். கன்னம், நெற்றிப்பொட்டு, கழுத்துத் தசைகளை ஒவ்வொன்றாக அழுத்தி, இதுதான் நீங்கள் சொல்லும் வலியா என்று கேட்பார். தூக்கம், குறட்டை, மாத்திரைகள் பற்றிக் கேட்பார். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ரலின், ஃபுளூஆக்ஸெடின் போன்றவை சிலருக்குப் பல் கடிப்பைத் தூண்டும், அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறைக்கு முன் தூக்கப் பரிசோதனை நல்லது.

வாயைச் சுற்றி எடுக்கும் ஓ.பி.ஜி எக்ஸ்ரே எலும்பை மட்டும் காட்டும். தட்டு நழுவியதா என்பது அதில் தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ, வாயை மூடியும் திறந்தும் இரண்டு முறை. முதல் நாளே எல்லாருக்கும் அது தேவையில்லை. பூட்டிக்கொண்டால், மாதங்கள் சிகிச்சை எடுத்தும் மாறாவிட்டால் எடுக்கலாம். அப்படிப் பூட்டிய மூட்டுக்குள் இரண்டு ஊசி செலுத்தி, ரிங்கர் லாக்டேட் திரவத்தை ஒன்றில் விட்டு மற்றொன்றில் வெளியேற்றிக் கழுவும் முறை 1991இலிருந்து இருக்கிறது. பெரிய அறுவைக்கு முன் கேட்டுப் பார்க்க வேண்டிய படி அது. மூட்டையே வெட்டி மாற்றுவதில் அவசரம் ஆகாது. 1980களில் அமெரிக்காவில் விட்டெக் என்ற நிறுவனத்தின் டெஃப்லான் தட்டுகளை ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொருத்தினார்கள். அவை உள்ளேயே நொறுங்கி எலும்பை அரித்து, கடைசியில் திரும்பப் பெறப்பட்டன.

‘கடி சரியில்லை, பல்லைக் கொஞ்சம் ராவினால் மூட்டு வலி போய்விடும்’ என்றோ, எல்லாப் பல்லுக்கும் கேப் போட வேண்டும் என்றோ முதல் வருகையிலேயே சொன்னால் இரண்டாவது கருத்து கேளுங்கள். ராவிய பல் திரும்பி வராது.

வீட்டில் செய்வது

முதல் 2 வாரம் முறுக்கு, தட்டை, கரும்பு, கடலை மிட்டாய், எலும்புக் கறி ஒதுக்குங்கள். பரோட்டாவும் இந்தப் பட்டியலில் சேரும், மெல்ல மெல்லத்தான் தெரியும் அது எவ்வளவு வேலை வாங்குகிறது என்று. ஆப்பிளையும் கொய்யாவையும் முன்பல்லால் கடிக்காமல் நறுக்கிச் சாப்பிடுங்கள். வெந்நீரில் பிழிந்த துண்டைக் கன்னத்தில் 15, 20 நிமிஷம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. அடிபட்டு அன்றைக்கே வீங்கியிருந்தால் மட்டும் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிஷம். இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரை சாப்பாட்டுக்குப் பின், சில நாட்களுக்கு மட்டும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், கர்ப்பம், ரத்தம் நீர்க்கும் மாத்திரை, டெங்கு சந்தேகம் இவற்றில் ஒன்று இருந்தாலும் கேட்காமல் போடக் கூடாது.

பயிற்சியில் அடிப்படையானது ஒன்று. ‘ன’ சொல்லும்போது நாக்கு நுனி தொடும் இடத்தில், மேல் முன்பல்லுக்குப் பின்னால், நாக்கை ஒட்டவைத்து, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூட வேண்டும். 6 தடவை, நாளுக்கு 6 வேளை. நாக்கு ஒட்டியிருக்கும்போது தாடை கீல் போலச் சுழலுமே தவிர முன்னால் சறுக்காது, அதனால் மூட்டுக்குப் பாரமில்லை. கொட்டாவி வரும்போதும் இதே பிடிதான் காப்பாற்றும். மற்ற நேரங்களில் உதடு சேர்ந்திருக்கலாம், பல் சேரக் கூடாது. சாப்பிடாத நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருந்தால் அது கடிப்புதான், கம்ப்யூட்டர் முன்னாலும் வண்டி ஓட்டும்போதும்தான் அதிகம் பிடிபடும்.

உறை வாங்கியவர்களுக்குப் பராமரிப்பு எளிது. காலையில் கழற்றியதும் பச்சைத் தண்ணீரில், மிருதுவான பிரஷ்ஷும் கைகழுவும் திரவ சோப்பும். பற்பசை அக்ரிலிக்கைக் கீறும், கீறலில் வாடை தங்கும். வெந்நீரும் வெயில் ஜன்னலும் காருக்குள் டேஷ்போர்டும் வேண்டாம், வளைந்துவிடும். நாய் இருக்கும் வீட்டில் மூடியுள்ள டப்பா கட்டாயம்.

கழற்றியதும் பல் சேர்வது கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிந்து, சிறிது நேரத்தில் பழையபடி ஆகிவிட்டால் பிரச்சினையில்லை. மதியச் சாப்பாடு வரைக்கும் கடி மாறியே இருந்தால், அன்றிரவு உறையைப் போடாமல், அதை டப்பாவோடு எடுத்துக்கொண்டு செய்து கொடுத்தவரிடம் போய் நீலத் தாளை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.